ரஷ்யப் படையிலிருந்து நான் ஊர் திரும்பிய வழி

பிள்ளை ரஷ்யப் படையில் மாட்டிக்கொண்டான், எப்படி மீட்பது என்று கேட்டு இப்போதும் எனக்குத் தொலைபேசி வருகிறது. அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ராதாபுரம் பக்கம் ஒரு கிராமம். 2024 தொடக்கத்தில், மாஸ்கோவில் கிடங்குக் காவல் வேலை என்று சொல்லி ஓர் ஏஜென்ட் சுற்றுலா விசாவில் அனுப்பிவைத்தார். இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். ரஷ்ய மொழியில் அச்சடித்த தாள்களை நீட்டி, "உதவியாளர் வேலைதான், சண்டைக்குப் போக வேண்டாம்" என்று ஒருவன் இந்தியில் சொன்னான். கையெழுத்துப் போட்ட கையோடு அந்தத் தாள்களைப் படம் எடுத்து மைனிக்கு (அண்ணன் மனைவி) அனுப்பினேன். பிறகு செல்போனும் போய்விட்டது, தலைமுடியும் போய்விட்டது, சீருடை வந்தது.

சில நாள் துப்பாக்கிப் பயிற்சி. அதன்பின் உக்ரைனில் தொனெத்ஸ்க் போர்முனை.

பதுங்குகுழி வெட்டுவதுதான் எங்கள் வேலை. மண் உறைந்து பாறையாகக் கிடக்கும். கட்டை மண்வெட்டியால் ஓங்கிக் குத்தினால் ஒரு கைப்பிடி பெயரும். இரவில் கையுறையைக் கழற்றும்போது உள்ளங்கைத் தோலும் சேர்ந்து வரும். ட்ரோன் இரைச்சல் கேட்டால் கிடந்த இடத்தில் அசையாமல் கிடக்க வேண்டும். முன்னே போக மறுத்த ஒருவனைக் கூரையில்லாத குழியில் இறக்கி, விடியும்வரை பனியில் வைத்தார்கள். அதன்பிறகு எவரும் மறுக்கவில்லை.

என்னோடு மண் வெட்டியவன் ஒரு நேபாளத்துப் பையன். அரைகுறை இந்தியில் பேசிக்கொள்வோம். ட்ரோன் போட்ட குண்டில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. தார்ப்பாயில் கிடத்தி இருவர் இழுத்துக்கொண்டு போனோம். வண்டி வரும் என்று சொன்ன இடத்தில் வண்டி இல்லை. தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான், இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். அவன் இறந்ததும் அணித் தலைவன் கழுத்தில் கிடந்த அடையாளத் தகட்டை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு, எங்களைத் தோட்டாப் பெட்டி தூக்க அனுப்பினான். பையனின் ஊர் என்ன, பெயர் என்ன என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு எனக்கும் தொடையில் குண்டுச்சில்லு பாய்ந்தது. மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரரிடம் போன் வாங்கி வீட்டுக்குப் பேசினேன். அம்மா அழுதுகொண்டே இருந்தார்கள். மைனி போனை வாங்கி, "முதலில் படைப்பிரிவு எண்ணைச் சொல்லுங்கள் தம்பி, மற்றதைப் பிறகு பேசலாம்" என்றார்கள். ரஷ்யாவில் படைப்பிரிவுகளை ஐந்து இலக்க எண்ணால்தான் குறிப்பிடுகிறார்கள். அது தெரியாமல் ஓர் ஆளைத் தேடுவது பெரும்பாடு.

மைனிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் கூடங்குளத்தில் இருந்தார். அண்ணன் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் ஒப்பந்த வெல்டர். அங்கே ரஷ்யப் பொறியாளர்களுக்கு மொழிபெயர்க்கும் ஒருவரிடம் என் ஒப்பந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார். அதில் உதவியாளர் என்ற பேச்சே இல்லை, ஓராண்டுக்குப் படைவீரனாகச் சேர்த்த தாள் என்று அவர் வரிவரியாகப் படித்துச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: 2022 செப்டம்பரில் வந்த படைதிரட்டல் ஆணைக்குப் பிறகு, ஆண்டு முடிந்தாலும் ஒப்பந்தம் தானாக முடியாது. காத்திருந்தால் வருவான் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. அதுதான் வீட்டாரை ஓடவைத்தது.

திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார், மாஸ்கோ இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் என்று மூன்றையும் செய்தார்கள். மனுவில் பாஸ்போர்ட் எண், படைப்பிரிவு எண், ஒப்பந்த நகல், கடைசியாகப் பேசிய தேதி, இருக்கும் மருத்துவமனை, ஏமாற்றிச் சேர்த்தார்கள் என்பது எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பல பக்கக் கண்ணீர்க் கடிதத்தை விட அந்த ஒரு பக்கம் வேலை செய்யும். பதில் வராவிட்டாலும் புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி மறுபடி எழுத வேண்டும். மைனி அதில் சளைக்கவே இல்லை.

அந்த ஜூலையில் பிரதமர் மாஸ்கோ சென்றபோது இந்தப் பிரச்சினையை எழுப்பினார். ஆகஸ்டில் மக்களவையில் அரசு கணக்குச் சொன்னது: சேர்க்கப்பட்ட இந்தியர் 91 பேர், இறந்தவர் 8, விடுவிக்கப்பட்டவர் 14, காத்திருப்பவர் 69. காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். விடுவிப்பு ஆணை வந்தபோது பாஸ்போர்ட் இல்லை. தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுத்தது, அதை வைத்துத்தான் டெல்லியில் இறங்கினேன். ஏஜென்ட் மீது புகார் கொடுத்திருக்கிறேன். பயணச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள், வாக்குமூலத்தின்போது எல்லாவற்றையும் கேட்டார்கள்.

நேபாளத்துப் பையன் இறந்த தேதி, இடம், படைப்பிரிவு எண், அவன் வாயால் சொன்ன பெயர் எல்லாவற்றையும் எழுதி டெல்லியில் உள்ள நேபாளத் தூதரகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அண்ணனின் மொழிபெயர்ப்பாளர் நண்பர் அதையே ரஷ்ய மொழியிலும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து மறுபடி அனுப்பப் போகிறேன்.