ஸ்கிப்சீ மேடு: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 7

போன் வரவில்லை.

அக்டோபர் 8

மழை விட்டதும் மேட்டுக்குப் போனேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், ஒரு காலத்தில் கோட்டை நின்ற மேடு. இவர் காரிலேயே இருந்துகொண்டார். "நீ போய்விட்டு வா, நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்" என்றார், ஏதோ 13 மீட்டர் உயர மேடு ஓடிப்போய்விடும் என்பதுபோல. வயல் முழுக்க ஆட்டுப் புழுக்கை. இந்த ஹோல்டர்னஸ் வட்டாரத்துக் களிமண் பூட்ஸில் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது; அடிக்கு அடி கால் கனத்தது. மேட்டுக்கும் வெளிக்கோட்டைக்கும் நடுவே அந்தக் காலத்தில் ஏரி. 18ஆம் நூற்றாண்டில் தண்ணீரை வடித்துவிட்டார்கள். பள்ளத்தில் கால் வைத்தால் இன்னும் பொதபொதவென்றுதான் இருக்கிறது.

உச்சியில் ஒன்றுமில்லை. புல், காற்று. கோட்டைக்குச் சொந்தக்காரன் கலகம் செய்தான் என்று 1221இல் மன்னர் மூன்றாம் ஹென்றி அதை இடிக்கச் சொல்லிவிட்டார். இறங்கும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். காருக்குள் இவர் சிரித்தது தெரிந்தது. எத்தனை நாளாயிற்று.

அக்டோபர் 9

சாம்பாரில் உப்பு போட மறந்திருக்கிறேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார். சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 11

தூக்கம் இல்லை. அந்தக் குழாயையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1086 வாக்கில், பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் படையோடு வந்த த்ரோகோ என்ற படைத்தலைவன் இங்கே கோட்டை கட்டினான். அதனால் மேட்டையும் அவன்தான் எழுப்பினான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். யாருக்குச் சந்தேகம் வரும்? பார்த்தாலே தெரிகிறதே, இது நார்மன் மேடு. பிறகு ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஜிம் லியரி குழு, இப்படிப்பட்ட 20 மேடுகளை ஆராய எடுத்துக்கொண்டது. இரும்புக் குழாயை உச்சியிலிருந்து அடித்து இறக்குவார்கள். மீட்டர் மீட்டராக மண் உருளை உருளையாக மேலே வரும். அடி மண்ணில் இருந்த செடிகொடி மிச்சங்களை, வயது கண்டுபிடிக்கக் கார்பன் ஆய்வுக்கு அனுப்பினார்கள். 2016இல் வெளியே சொன்னார்கள்: கி.மு. 500 வாக்கு. த்ரோகோ வரும்போது மேட்டுக்கு வயது 1500 ஆண்டு. அவன் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான், அவ்வளவுதான்.

காலையில் இதை இவரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குழாய் எத்தனை தடிமன்?" என்றார். கை விலாவில் இருந்தது.

அக்டோபர் 12

போன். மின்சார நிறுவனத்தை மாற்றிக்கொள்கிறீர்களா என்று ஒரு பெண். அவளிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

அக்டோபர் 14

த்ரோகோவின் மனைவி, இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் மன்னன் வெற்றிவேந்தன் வில்லியமின் உறவுக்காரி. அவளைக் கொன்றுவிட்டு நேரே மன்னனிடம் போய், மனைவியை ஊருக்கு அழைத்துப் போகப் பணம் வேண்டும் என்று கேட்டானாம். வாங்கிக்கொண்டு கடல் தாண்டி ஓடிவிட்டானாம். மடத்துத் துறவிகள் எழுதிவைத்த கதை, எவ்வளவு நிஜமோ. வெள்ளை உடுத்திய பெண்ணாக அவள் இங்கே நடமாடுகிறாள் என்று ஊரில் பேச்சு உண்டு. பணம் கேட்டபோது அவன் முகம் எப்படி இருந்திருக்கும்? நானும் நேற்று அண்ணியிடம் போனில், "நன்றாக இருக்கிறார், பசியெடுத்துச் சாப்பிடுகிறார்" என்று சொன்னேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

அக்டோபர் 15

இவரும் படிக்கத் தொடங்கிவிட்டார். கி.மு. 800 முதல் 400 வரை கார்பன் அளவுகோலே தட்டையாகக் கிடக்கிறதாம். நூற்றாண்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பொருள்களும் ஏறத்தாழ ஒரே கணக்கைக் காட்டுமாம். "உன் மேடு சரியாக அதற்குள் விழுந்திருக்கிறது. அந்த 'வாக்கு' என்ற சொல்லை நம்பாதே" என்றார். ஜெயித்த குரல். எனக்கு ஏன் அழுகை வந்தது?

அக்டோபர் 17

கடல் பக்கம் போனோம். தார்ச்சாலை ஓரிடத்தில் கடித்துத் துப்பியதுபோல முடிகிறது, கீழே அலை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் கரை போகிறது. கரைச் சுவரில் கறுப்பாக ஒரு பட்டை, எப்போதோ தூர்ந்துபோன இன்னோர் ஏரியின் அடி. கீழே விழுந்திருந்த கட்டி ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சுள்ளி, பட்டையோடு, ஈரமாக, நேற்று விழுந்ததுபோல. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நிறம் மங்கியது. இவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். அங்கேயே போட்டுவிடுங்கள் என்றேன். கேட்கவில்லை.

அக்டோபர் 18

போன் வந்தது. எடுத்தது போதவில்லையாம். மறுபடி எடுக்க வேண்டுமாம். 24ஆம் தேதி.

அக்டோபர் 19

சுள்ளி காய்ந்து பொடியாகிவிட்டது. ஜன்னல் திட்டில் அப்படியே வைத்திருக்கிறார்.

அக்டோபர் 21

இவர் காரைவிட்டு இறங்கினார். வேலிக் கதவு வரை வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே ஏற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஜெர்மனியில் கிளாவ்பர்க் மேட்டுக்குள் ஒரு தலைவனை நகையும் ஆயுதமுமாகப் புதைத்திருந்தார்கள் என்று சொன்னேன்.

"இதற்குள்?"

"தெரியாது."

"தோண்டாமல் இருப்பதே நல்லது" என்றார். பிறகு, ஆடுகளை எண்ணத் தொடங்கினார். பதினேழு வரை எண்ணினார்.

அக்டோபர் 22

பையில்: போன் சார்ஜர், கம்பளிக் காலுறை, இவர் கண்ணாடி, பழைய கடிதம், பிளாஸ்க்கில் ரசம் (விடுவார்களா என்று கேட்க வேண்டும்)