பார்வை இடுப்பில் தொடங்கட்டும்

"நிமிந்து இரிங்க வாப்பா" என்று கல்முனைப் பக்கமும், "நிமிந்து இரிங்க அப்பா" என்று படுவான்கரையிலும் பாரிசவாதம் வந்தவருக்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவரும் தலையை உயர்த்தி, நெஞ்சைத் தள்ளி, அரை நிமிடம் சமாளிப்பார். பிறகு பழையபடி சரிவார். இது சோம்பல் இல்லை. இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, வாலெலும்பில் பாரம் இறங்கியிருப்பவருக்கு முதுகை நிமிர்த்த வழியே கிடையாது.

ஆகவே கழுத்தையும் தோளையும் முதலில் திருத்தப்போவது வீண். சேர்ட்டைக் கழற்றி, முதுகுக்குச் சாய்வில்லாமல் கட்டில் ஓரத்தில் இருத்தி, இரண்டு பாதமும் நிலத்தில் படிந்தபின் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரு பக்கமும் கை வைத்தால் எது உயர்வென்று தெரியும். பிட்டங்களின் கீழே உள்ளங்கைகளை நுழைத்தால் பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைக் கையே சொல்லிவிடும். விலா ஒரு பக்கம் மடிந்து குறுகியிருக்கிறதா, தோளெலும்பு நுனிக்குக் கீழே விரல் பதியும் பள்ளம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம். நடுவுடலின் கட்டுப்பாட்டை அளக்கும் அளவுகோலில் (Trunk Impairment Scale) மொத்தம் 23 புள்ளிகள். 10 விநாடி தாங்கலின்றி இருக்க முடியாவிட்டால் மொத்தமும் பூச்சியம். முன்னேற்றத்தை ஒப்பிட அது உதவும். இன்றைக்கு என்ன செய்வது என்பதற்குக் கையின் சாட்சியே மேல்.

வாட்டில் பாடுபட்டுத் திருத்தியதை வீட்டுக் கதிரை கெடுத்துவிடும். பிளாஸ்டிக் கதிரையின் இருக்கை பின்னோக்கிச் சரிவானது. சாய்மனைக் கதிரையோ அதைவிட மோசம். இருக்கையின் அளவுக்குப் பலகை வெட்டிப் போட்டு, அதன் பின்பகுதியில் துவாயை இறுக்கமாக மடித்து வைத்தால் சரிவு நிரம்பும். ஸ்பொஞ் வேண்டாம், அமுங்கிப்போகும். முழங்கால் மடிப்பிலிருந்து குதிக்கால் வரை அளந்து, அந்த உயரத்தில் இருக்கை அமைய வேண்டும். தாழ்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போய், இடுப்பு மறுபடி பின்னால் சரியும். தளர்ந்த கையைத் தலையணையில் முழங்கை வரை தாங்கி வைக்க வேண்டும். ஓட்டோவில் ஏற்றும்போது அந்தக் கையைப் பிடித்து இழுப்பதுதான் பல தோள்களின் நோவுக்குக் காரணம்.

இருப்பு ஓரளவு சரியானதும் எட்டும் பயிற்சி. நல்ல கையால், பலவீனமான பக்கமாக, கை நீளத்துக்குச் சற்று அப்பால் உள்ள பொருளை எட்ட வேண்டும். பொருள் தாழ்வாக இருந்தால் நோயாளி இடையில் மடிந்து குனிவார், இடுப்பு அசையாது. தோள் உயரத்தில் வைத்தால்தான் பாரம் பலவீனமான பக்கத்துக்குப் போகும், அந்தப் பக்க விலாவும் நீளும்.

சிலர் நல்ல கையாலும் காலாலும் தம்மைப் பலவீனமான பக்கத்துக்கே தள்ளுவார்கள். இவர்களைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தால் இன்னும் பலமாகத் தள்ளுவார்கள். உடல் ஏறத்தாழ 18 பாகை சரிந்திருக்கும்போதே நேராக இருப்பதாக இவர்களின் மூளை உணர்கிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆனால் கண் காட்டும் நேர்கோடு பிழைப்பதில்லை. எனவே கையை எடுத்துவிட்டு, கதவு நிலையைக் காட்டி, "இது நேரா, நீங்க நேரா?" என்று கேட்க வேண்டும். பிறகு நல்ல பக்கமுள்ள சுவரைத் தோளால் தொடச் சொல்லலாம்.

கதிரையிலிருந்து தொழுபவர்களுக்கு ருகூவும் (குனிதல்) சுஜூதும் (சிரம்பணிதல்) முன்சாய்ந்து மீளும் நல்ல பயிற்சி. மாபிள் தரையில் கதிரை வழுக்கும். அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, பலவீனமான பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.