ஆசிரியர் தட்டிய மூன்று எழுத்து

பள்ளிக் கணினி அறையில் நான் எழுதிய முதல் உருப்படியான நிரல், ஐந்து பாட மதிப்பெண்களைக் கேட்டு வாங்கிச் சராசரி சொல்வது. சி மொழி, கறுப்புத் திரை. 60, 75, 82 என்று நானே தட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. பெருமை தாங்காமல் ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

அவர் உட்காரக்கூட இல்லை. குனிந்து, முதல் மதிப்பெண் கேட்ட இடத்தில் 'ஏபிசி' என்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டரை அழுத்தினார். அவ்வளவுதான். "மதிப்பெண் தவறு, மறுபடி தருக" என்ற பொருளில் நான் எழுதியிருந்த வரி திரையில் மடமடவென்று ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கன்ட்ரோல்-சி போட்டு நிறுத்திவிட்டு, "மார்க் கேட்டா மார்க்தான் தருவாங்கன்னு யார் சொன்னது?" என்றார். விளக்கம் கிடையாது, அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

காரணம் பிடிபட இரண்டு நாளானது. சி மொழியில் தட்டியதை வாங்கித் தரும் கட்டளை ஸ்கேன்எஃப் (scanf). எண் வரும் என்று காத்திருக்கும் அது, எழுத்தைக் கண்டால் அதைத் தொடாது. உள்ளீட்டு வரிசையிலேயே விட்டுவிடும். மதிப்பெண்ணை வைக்கும் இடமான மாறியில் நான் முதலில் போட்டு வைத்த -1 அப்படியே கிடக்கும். 0 முதல் 100 வரை இல்லையே என்று நிரல் மறுபடி கேட்கும். அதே 'ஏ' வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். எத்தனை எண் கிடைத்தது என்று ஸ்கேன்எஃப் ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்கிறது. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, முழு வரியையும் எழுத்தாகவே வாங்கி அப்புறம் எண்ணாக மாற்றலாம் என்று, அதற்கான ஏடூஐ (atoi) கட்டளையைப் பிடித்தேன். மறுபடி ஆசிரியரின் 'ஏபிசி'. இந்த முறை ஓட்டம் இல்லை, மதிப்பெண் 0 என்று பதிவானது. "பையன் முட்டை வாங்கினானா, யாராவது தப்பா தட்டினாங்களா? எப்படித் தெரியும்?" என்றார். எழுத்தை எண்ணாக மாற்றும் இன்னொரு கட்டளையான ஸ்ட்ர்டோல் (strtol) அதைத் தீர்த்தது. எந்த இடத்தில் எண் முடிந்தது என்பதையும் அது காட்டுவதால், '75ஏ' என்று தட்டினாலும் மாட்டிக்கொள்ளும்.

இப்போது பிழைப்பு பைதான் என்ற நிரல் மொழியில். அதன் இன்புட் (input) கட்டளை, நாம் எதைத் தட்டினாலும் எழுத்துச் சரமாகத்தான் தரும், இன்ட் (int) போட்டு எண்ணாக மாற்ற வேண்டும். போன மாதம் ஒரு சபலத்தில், எண் கேட்ட இடத்தில் ௭௫ என்று தமிழ் எண்களில் தட்டினேன். மறுபேச்சில்லாமல் 75 என்று எடுத்துக்கொண்டது. ஆசிரியர் இதைத் தட்டிப் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் அவரை நம்ப முடியாது.