பற்றரிக்குப் போகும் இரண்டு மீற்றர் வயர்

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் கிழமை வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பழைய வானின் பின் இருக்கைகளைக் கழற்றி, இரண்டு பேர் படுக்கப் பலகைக் கட்டில் அடித்தேன். கூரையில் 100 வாட் சோலர் பனல் இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டி, கட்டிலுக்குக் கீழே 100 அம்பியர் மணி ஏஜிஎம் பற்றரியை (மூடிய ஈய-அமில வகை) வைத்தேன். ஒரு சின்னக் கரவன் தயார். யாழ்ப்பாணத்தில் பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகர் போய், கசூரினாக் கடற்கரையில் ஓர் இரவு தங்கினோம். அன்று முழுக்க நல்ல வெயில். பனலுக்கும் பற்றரிக்கும் இடையில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர், பின்னேரம் பற்றரி நிறைந்துவிட்டதாகக் காட்டியது. ஆனால் விடியப்புறம் விசிறி சோர்ந்து சுழன்றது, குளிர்பெட்டி நின்றுபோனது. வோல்ட்மீற்றரை வைத்தால் 11.8 வோல்ட்.

பற்றரி பழுது என்று சந்தேகப்பட்டேன். பிழை வயரில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், காலை பத்து மணி வெயிலில் 8 அம்பியர் ஓடும்போது இரண்டு இடத்தில் அளந்தேன். கொன்ட்ரோலர் முனையில் 14.4. பற்றரி முனையில் 14.0. இடையில் இருப்பது வெறும் இரண்டு மீற்றர் வயர். கொன்ட்ரோலர் தன் முனையில் உள்ள வோல்டேஜைத்தான் பார்க்கிறது. அங்கே 14.4 வந்தவுடன் மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்குகிறது, அதற்குரிய நேரம் முடிந்ததும் ‘நிறைந்தது’ என்று முடிவெடுக்கிறது. பற்றரி அதற்குள் நிறைந்திருக்காது.

இழப்பைக் கணக்குப் பார்ப்பது சுலபம். மீற்றரில் ஒருவழி நீளத்தை இரண்டால் பெருக்க வேண்டும், ஏனென்றால் மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது. அதை அம்பியராலும் செம்பின் தடை எண்ணான 0.0175 ஆலும் பெருக்கி, வயரின் குறுக்குவெட்டுச் சதுர மில்லிமீற்றரால் வகுத்தால் இழப்பு வோல்டில் வரும். என் வயர் 2.5. கணக்கின்படி 0.22 வோல்ட்தான் இழக்க வேண்டும். அளவில் வந்ததோ 0.4, கிட்டத்தட்ட இரு மடங்கு.

இதை எங்கள் ஊர்க் கராஜில் வயரிங் செய்யும் ஐயாவிடம் சொன்னேன். “உதை ஒருக்கா சுரண்டிப் பாரும் தம்பி” என்றார். பிளேட்டால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! நல்ல செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல் தடை. கடையில் வாங்கும்போதே வயர் கையில் பாரமில்லாமல் இருந்தது, அப்போதே கவனித்திருக்க வேண்டும். மிச்சச் சிறு இழப்பு, வயர் முனையில் சரியாக நசுக்காத லக்கிலும் (இணைப்பு வளையம்) பியூஸ் கூட்டிலும் இருந்தது.

எல்லோரும் கூரை வயரைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். அதனால் கூரையிலிருந்து வரும் ஆறு மீற்றருக்கு நல்ல 4 சதுர மில்லிமீற்றர் சோலர் வயர் போட்டேன், கொன்ட்ரோலரிலிருந்து பற்றரிக்குப் போகும் குட்டி வயருக்குக் கையில் கிடந்ததைப் போட்டேன். பனலை நேரே பற்றரியோடு இணைத்து விட்டு விட்டுத் துண்டிக்கும் என் பிடபிள்யூஎம் வகைக் கொன்ட்ரோலருக்கு முக்கியம் நேர்மாறானது, குட்டி வயர்தான். பனல் 18 வோல்ட் தருகிறது, பற்றரிக்கு 14.4 போதும், ஆகவே கூரை வயரில் சற்று இழந்தாலும் மிச்சம் இருக்கும் என்பார்கள்.

ஆனால் அந்த 18 வோல்ட், பனல் 25 பாகை சூட்டில் இருக்கும்போது வருவது. யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 9.7 பாகைக்குக் கிட்ட இருப்பதால், சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கூரையில் படுத்திருக்கும் பனலுக்கு அது முழு வெயில், முழுச் சூடும்கூட. பனல் 65 பாகைக்கு ஏறினால், பாகைக்கு 0.4 சதவீதம் வீதம் குறைந்து 18 வோல்ட் 15.1 ஆகிவிடும். 10 அம்பியரில் 4 சதுர மில்லிமீற்றர் வயர் 0.53 வோல்டைத் தின்னும். செம்பும் சூடானால் 0.6. மிச்சம் 14.5. பற்றரிக்கு வேண்டியதற்கு மேலே ஒரு மயிரிழைதான்!

அதனால் கூரை வயரையும் 6 ஆக மாற்றினேன். வீட்டுக் கூரைகளில் சோலர் பூட்டும் ஒருவரிடம் மிஞ்சிய துண்டு கிடைத்தது. இழப்பு 0.4 வோல்டுக்கு இறங்கியது. கிடைத்த லாபம் 0.2 வோல்ட்தான், ஆனாலும் புதிதாகச் செய்பவர் முதலிலேயே 6 போடுவதே நல்லது. கூரையைத் திரும்பக் கழற்றும் பாடு விலை வித்தியாசத்தைவிடப் பெரிது. பனலுக்குக் கீழே ஐந்து சென்ரிமீற்றர் காற்று இடைவெளியும் விட்டேன்.

வீட்டு வயரைச் சதுர மில்லிமீற்றரில் கேட்டால் கடையில் பலர் இழைக் கணக்கில்தான் பதில் சொல்வார்கள். 7/0.67 என்றால் 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழை. விட்டத்தை அதாலேயே பெருக்கி, 0.785 ஆலும் இழை எண்ணிக்கையாலும் பெருக்கினால் 2.47, அதாவது 2.5. 7/1.04 என்றால் 6. ஆனால் ஏழு தடித்த இழை விறைப்பானது. வான் குலுங்கும்போது முனையில் முறியலாம். மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயரே வாகனத்துக்கு ஏற்றது.

குட்டி வயரைத் தடிப்பிப்பதோடு நிற்காமல் கட்டையாக்கினேன். கொன்ட்ரோலரைப் பற்றரிக்கு மேலேயே இறக்கிப் பூட்டி, 60 சென்ரிமீற்றர் நீளத்தில் 10 சதுர மில்லிமீற்றர் மெல்லிழைச் செம்பு போட்டேன். 10 அம்பியரில் இழப்பு 0.02 வோல்ட். லக்குகளைக் கராஜில் இரவல் வாங்கிய நசுக்கு கருவியால் நசுக்கி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டேன். உப்புக் காற்றுக்கு அது அவசியம். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 அம்பியர் பியூஸ். பியூஸ் காப்பது வயரை. நேர் வயரும் எதிர் வயரும் முட்டினால் இந்தப் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும், பியூஸ் இல்லாவிட்டால் வயர்தான் எரியும். இணைக்கும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல்.

போன சனிக்கிழமை திரும்பவும் கசூரினா. கொன்ட்ரோலருக்கும் பற்றரிக்கும் இடையில் 0.05 வோல்ட் வித்தியாசம், பெரும்பாலும் பியூஸில். இரவு முழுக்க விசிறியும் குளிர்பெட்டியும் ஓடின. விடியப்புறம் 12.3. குளிர்பெட்டிக்குப் போகும் வயர் மட்டும் இன்னும் அந்தப் பழைய சுருளிலிருந்து வெட்டியது. அதை இந்தக் கிழமை கழற்றப் போகிறேன்.