கிட்-கேட்: ஓர் ஓவிய அளவின் கதை

ஓவியத்தில் ‘கிட்-கேட்’ என்றோர் அளவு உண்டு. அந்தப் பெயர் சாக்லேட்டுக்கு இருநூறு ஆண்டு மூத்தது. உயரம் 36 அங்குலம், அகலம் 28. ஒருவரின் உருவப்படத்துக்கான அளவு இது; இடுப்பு வரை முழுசாக வராது. ஆனால் ஒரு கையாவது படத்துக்குள் இருக்கும்.

லண்டனில் கிறிஸ்டோபர் கேட் என்றொரு அடுமனைக்காரர். கிறிஸ்டோபரைச் சுருக்கினால் கிட். ஆட்டுக்கறி வைத்து அவர் சுட்ட பண்டத்துக்கும் கிட்-கேட் என்றே பெயர். அவர் கடையில் கூடிய, அன்றைய இங்கிலாந்து அரசியல் கட்சியான விக் கட்சிக்காரர்களும் எழுத்தாளர்களும் கிட்-கேட் கிளப் ஆனார்கள். எழுத்தாளர்கள் அடிசன், ஸ்டீல், அரசியல்வாதி வால்போல் எல்லாம் அதில் உறுப்பினர்கள். அவர்களை ஓவியர் காட்ஃப்ரி நெல்லர் இந்த ஒரே அளவில் வரைந்தார், நாற்பதுக்கும் மேல். படங்களை மாட்டவிருந்த அறையின் கூரை தாழ்வு, அதனால்தான் இந்த அளவு என்பார்கள்.

எனக்கு அந்தக் கைகள்தான் உயிர். பதிப்பாளர் ஜேக்கப் டான்சனின் படத்தைப் பாருங்கள். தான் பதிப்பித்த மில்டனின் காவியத்தைக் கையில் பிடித்திருக்கிறார். தோளோடு படம் நின்றிருந்தால் அந்தப் பெருமிதம் நமக்குக் கிடைத்திருக்குமா?

ஒரு சமையல்காரர் பெயர் ஓவியக் கலைச்சொல்லாக இன்னும் வாழ்கிறது. நினைக்க நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது.