வோல்ட்டேஜைத் திருப்பிப் போட்டுப் பார்

காந்தத்தை மின்சாரத்தால் ஆட்டுவிப்பது என் வேலை என்றதும் பலருக்குக் கம்பிச்சுருள்தான் ஞாபகம் வரும். சுருளுக்கு மின்னோட்டம் வேண்டும், மின்னோட்டம் ஓடினால் சூடு. நாங்கள் அதைத் தவிர்க்கத்தான் பாடுபடுகிறோம். ஒரு நானோமீட்டர் சொச்சம் தடிமனில் கோபால்ட்-இரும்பு-போரான் படலம், அதன் மேல் மக்னீசியம் ஆக்சைடு, அதற்கும் மேல் கேட் மின்முனை. கேட்டில் வோல்ட்டேஜ் கொடுத்தால், ஆக்சைடைத் தொடும் அணுக்களில் எலக்ட்ரான்கள் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். படலத்துக்குச் செங்குத்தாக நிற்கக் காந்தம் காட்டும் பிடிவாதமும் அதற்கேற்ப மாறும். உலோகத்துக்குள் மின்புலம் ஓர் அணு அடுக்கைத் தாண்டுவதே அபூர்வம்; படலம் தடித்துவிட்டால் கீழே இருக்கும் அணுக்களுக்கு மேலே நடப்பது எட்டவே எட்டாது.

இரும்பு-பிளாட்டினம் படலத்தை மின்பகு திரவத்தில் வைத்து, அறைவெப்பத்திலேயே இதைக் காட்டியது 2007-இல். மாற்றம் சில சதவீதம்தான். 2009-இல் ஜப்பானியக் குழு ஒன்று இரும்பு, மக்னீசியம் ஆக்சைடு அடுக்கில் பெரிய மாற்றத்தைக் காட்டிய பிறகு எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ஆய்வகத்தில் நாங்கள் பார்ப்பது ஹால் வோல்ட்டேஜில், அதாவது காந்தம் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று காட்டும் குறுக்கு வோல்ட்டேஜில், தெரியும் ஒரு சதுர வளைவு. வெளிக் காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்து அதை வரைவோம்; காந்தத்தைப் புரட்ட எவ்வளவு புலம் தேவையோ அதற்கேற்ப வளைவு அகலமாக இருக்கும். கேட்டில் நேர் வோல்ட்டேஜ் கொடுத்ததும் அது ஒடுங்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அப்போதே கட்டுரைக்குத் தலைப்பு யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது. ஆக்சைடில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் மின்னோட்டம் கசியும், படலம் சூடாகும், சூட்டிலும் வளைவு இதேபோல ஒடுங்கும். ஆனால் சூட்டுக்குக் குறி தெரியாது. பிளஸ் கொடுத்தாலும் மைனஸ் கொடுத்தாலும் ஒடுக்கத்தான் செய்யும். எலக்ட்ரான் விளைவு என்றால் எங்கள் அடுக்கில் மைனஸுக்கு வளைவு அகல வேண்டும். அதனால் முதலில் வோல்ட்டேஜைத் திருப்பிப் போடு என்பேன். கூடவே கேட் கம்பியில் கசிவு எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்வேன்.

சரி, அகன்றது. இன்னும் முடியவில்லை. ஆக்சிஜன் அயனிகளும் குறிக்குக் கட்டுப்படும். அவை ஆக்சைடிலிருந்து உலோகத்துக்கும் உலோகத்திலிருந்து ஆக்சைடுக்கும் நகர்ந்தால் மாற்றம் பல மடங்கு பெரிதாகத் தெரியும். சூட்டைவிட இதுதான் கெட்டிக்காரப் போலி. இங்கே காட்டிக்கொடுப்பது நேரம். எலக்ட்ரான் உடனே பதில் சொல்லும். அயனிகள் பெரும்பாலும் விநாடிகள், சில சமயம் நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், கேட்டைப் பூஜ்யமாக்கினாலும் போன இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் பிறகு பூஜ்யத்தில் ஒரு வளைவு எடுத்து, பழைய அகலத்துக்குத் திரும்பியதா என்று ஒப்பிடுவோம். சலிப்பான வேலைதான், மாணவர்கள் முணுமுணுப்பார்கள்.

அயனி விளைவை நான் மட்டமாகச் சொல்லவில்லை. நிதானமாக மாறி, மாறிய நிலையைப் பிடித்துவைப்பது சில பயன்பாடுகளுக்கு வசதிதான். ஆனால் வேகமாக எழுத வேண்டிய கணினி நினைவகத்துக்கு அது ஒத்துவராது. அங்கே நானோவிநாடி அளவிலான வோல்ட்டேஜ் துடிப்பு ஒன்றில் காந்தம் பாதிச் சுற்று சுற்றி நிற்க வேண்டும். துடிப்பு சற்று நீண்டால் முழுச் சுற்றும் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆகவே ஒரு கட்டுரையில் மலைக்கவைக்கும் எண்ணைக் கண்டால், வோல்ட்டேஜ் கொடுத்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்து அளந்தார்கள் என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.