தேரி மணலில் குளவி பார்த்த பருவம்

மணலில் வளை தோண்டி முட்டையிடும் மணல் குளவிகளை, வயிற்றிலுள்ள மஞ்சள் பட்டைகளை மட்டும் வைத்து இனம் பிரித்துவிட முடியாது. அது எப்படித் தோண்டுகிறது, எதைப் பிடித்து வருகிறது, பிடித்ததை எந்தக் காலில் இடுக்கி வருகிறது, வெளியே போகும்போது வாசலை மூடிவிட்டுப் போகிறதா என்று பார்க்க வேண்டும். தை பிறந்ததிலிருந்து திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரியிலும் மணப்பாட்டுக் கடற்கரை மணல் மேடுகளிலும் நேரம் கிடைத்தபோதெல்லாம் போய் உட்கார்ந்ததில் எனக்கு உறுதியாகியிருப்பது இதுதான். பூச்சிப் படம் எடுப்பவர்கள் பலர் பக்கவாட்டில் ஓர் அழகான படத்தோடு எழுந்துவிடுகிறார்கள். குளவியைப் பொறுத்தவரை அந்தப் படத்தைவிட, அரை மணி நேரம் ஒரே வளைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிய ஒரு பக்கக் குறிப்பு அதிகம் சொல்லும்.

இந்த இரண்டு இடங்களையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மணல். மணப்பாட்டில் வெளிறிய கடல் மணல். சிப்பித் தூளும் கறுப்புக் கனிமத் துகள்களும் கலந்தது. தேரியில் மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு படிந்து மேடு முழுவதும் செக்கச் செவேலென்று இருக்கும். இரண்டுக்கும் இடையே சில மைல் தூரம்தான். ஆடி மாதத்தில் தேரிப் பக்கம் போய்ப் பயனில்லை. மேல்காற்று மணலை வாரி இறைக்கும். நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, மேலே காய்ந்த மணலும் விரற்கடை ஆழத்தில் ஈரமும் இருக்கும் தை, மாசிதான் பார்ப்பதற்கு வாகான காலம். காய்ந்த மணலில் சுரங்கம் நிற்காது, சரிந்துவிடும். ஈரத்தைத் தொட்ட பிறகுதான் குளவிக்குச் சுவர் கிடைக்கிறது. பங்குனியில் ஈரம் கீழே இறங்க இறங்க, தோண்டத் தொடங்கிப் பாதியிலேயே கைவிட்ட குழிகள் தேரியில் கூடிக்கொண்டே போனதைக் கண்டேன்.

கொண்டுபோகும் சாமான்கள் அதிகமில்லை. குடை, கோரைப்பாய், தண்ணீர், கைபேசியில் மாட்டும் நெருக்கப்பட லென்ஸ், பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, நோட்டுப் புத்தகம், தலையில் வண்ண நூல் கட்டிய ஈர்க்குச்சிகள். ஈர்க்குச்சி வளைகளுக்கு அடையாளம் வைக்க. அதை வளைக்குப் பக்கத்தில் நடக்கூடாது. ஒரு கை தூரத்தில், எல்லா வளைகளுக்கும் ஒரே திசையில் நட வேண்டும். வாசலருகே புதிதாக எதை வைத்தாலும் குளவி தடுமாறும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெம்பிக்ஸ். மணல் குளவி என்றதும் உலகெங்கும் பூச்சி பார்ப்பவர்கள் நினைப்பது இந்தப் பேரினத்தைத்தான். டென்மார்க்குப் பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸ் 1775இல் பெயர் வைத்தார். இன்று 350க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் இருக்கின்றன. தேரியில் நான் பார்ப்பவை இரண்டு சென்டிமீட்டர் அளவு, பச்சை ஓடிய பெரிய கண்கள், பறக்கும்போது தெளிவாகக் கேட்கும் ரீங்காரம். முகத்தை நேருக்கு நேர் பார்த்தால் ஐயமே இருக்காது: மேலுதடு நீண்டு, கூராகக் கீழ்நோக்கி இறங்கியிருக்கும். கையில் பிடிக்காமலே பேரினத்தை உறுதிசெய்ய இதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஆகவே குளவியின் முகத்தைப் படம் எடுங்கள், முதுகு பிறகு.

தோண்டும் வேலையைக் கைபேசியின் மெதுவோட்டக் காணொளியில் எடுத்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு மணல் பின்னால் பீய்ச்சி அடிப்பது மட்டும்தான் தெரியும். மெதுவாக ஓட்டினால், இரண்டு முன்னங்கால்களும் ஒரே நேரத்தில் உள்நோக்கி வளைந்து மணலை அள்ளி வயிற்றுக்கு அடியில் வீசுவது தெரிகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் வயிறு சற்று மேலே எழும்; மணல் அடியில் போனதும் இறங்கும். பாதங்களின் வெளிப்புறத்தில் சீப்புப் பல் போல வரிசையாக முட்கள். பெண்ணுக்கு அவை நீளமாகவும் வலுவாகவும் இருக்கின்றன, ஏனென்றால் வளை வெட்டுவது அவள் வேலை. கொஞ்சம் தோண்டியதும் வெளியே வந்து, குவிந்த மணலை இப்படியும் அப்படியுமாகக் கோணலாக நடந்து பரப்பிவிடுகிறாள். மேடு மறைந்துவிடும். இரை தேடப் போகும்போது வாசலையும் மணலால் மூடிவிடுகிறாள். அவள் போன பிறகு அந்த இடத்தில் வளை இருக்கிறது என்று சொல்ல ஒரு தடயமும் இருக்காது.

தேரியின் ஓரத்தில் ஆடு மேய்க்கும் ஓர் ஆச்சி, நான் பாய் விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "தள்ளி உட்காருங்கள் தம்பி, கொட்டிவிடும்" என்றார். இவை கூட்டமாகக் கூடு கட்டி வாழும் குளவிகள் அல்ல, கையால் நசுக்கினாலொழியக் கொட்டாது, ஆணுக்குக் கொடுக்கே கிடையாது என்றேன். அதற்கு ஆச்சி சொன்னதுதான் எனக்கு இந்தப் பருவத்தில் கிடைத்த மிகப் பெரிய உதவி. "அதுதான் ஆட்டை ஒன்றும் செய்வதில்லையா? ஆட்டைச் சுற்றிச் சுற்றி வரும், ஆனால் கொட்டாது." அன்றே மந்தைக்குப் பின்னால் நடந்தேன். பெம்பிக்ஸ் ஆட்டுக்காக வரவில்லை. ஆட்டில் மொய்க்கும் ஈக்களுக்காக வருகிறது. ஆட்டின் வயிற்றோரம் ஓரிரு முறை சுற்றி, ஈயைப் பறக்கும்போதே கவ்வி, கொட்டி, நடுக்கால்களால் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேட்டுக்குத் திரும்புகிறது. அமெரிக்காவில் இதன் உறவான ஸ்டிக்டியா கரோலினா என்ற குளவி குதிரைகளைச் சுற்றி வந்து குதிரை ஈக்களைப் பிடிப்பதால், அதற்குக் குதிரைக் காவலன் என்றே பெயர். மணப்பாட்டில் ஆட்டுக்குப் பதிலாகக் கருவாடு. மீன் காயும் இடத்துக்குக் காற்று வாட்டத்தில் உள்ள மேட்டில் பெம்பிக்ஸ் வளைகள் நெருக்கமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருப்பதாக என் குறிப்புகளில் தெரிகிறது. மணல்தான் காரணமா, ஈதான் காரணமா என்று பிரித்துச் சொல்ல இன்னும் பார்க்க வேண்டும்.

'குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்ற பழமொழி சுவரில் மண்கூடு கட்டும் குளவியைப் பார்த்துப் பிறந்திருக்க வேண்டும். அது கூட்டில் இரையை நிரப்பி, முட்டையிட்டு, அடைத்துவிட்டுப் போய்விடும். பிறகு திரும்பிப் பார்க்காது. பெம்பிக்ஸ் தாய் அப்படியல்ல. முதலில் கொண்டுவந்த ஈயின் மேல் ஒரு முட்டை. புழு வெளிவந்ததும் அது தின்னத் தின்ன நாள்தோறும் புது ஈ. புழு வளர வளர, கொண்டுவரும் ஈயின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஒரு பெண் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையைத்தான் வளர்க்கிறாள். கூட்டமாக வாழாத ஒரு பூச்சியிடம் இந்த அளவுக்குத் தாய்மைப் பணி இருப்பதை முதலில் நேரில் பார்த்தபோது, நண்பகல் வெயிலில் எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

இனி மற்றவை. ஒல்லி இடுப்பும் சிவந்த வயிறும் கொண்ட அம்மோஃபிலா தோண்டுவதே வேறு விதம். மண்ணைப் பின்னால் வீசாது. தாடைக்கும் முன்னங்காலுக்கும் இடையே ஒரு கவளம் மண்ணை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சற்றுத் தூரம் பறந்து போய் உதறிவிட்டு வரும். அதனால் அதன் வளை அருகே மண் குவியலே இருக்காது. இதன் இரை கம்பளிப்பூச்சி வகைப் புழு. தன்னைவிடக் கனமான புழுவின் மேல் கால்களை இருபுறமும் போட்டு, தாடையால் பிடித்துத் தரையிலேயே நடத்தி வருகிறது. தேரியில் பனைகளுக்கு இடையே மண் கொஞ்சம் இறுகிக் கிடக்கும் இடத்தில்தான் இதைக் கண்டேன். இளக மணலில் ஒருமுறைகூட இல்லை. வளையை இறுதியாக மூடும்போது சில பெண்கள் ஒரு சிறு கல்லைத் தாடையில் கவ்வி, வாசல் மண்ணைத் தட்டித் தட்டி இறுக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அமெரிக்காவில் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவள் கல்லை எடுத்தாள், வாசலில் வைத்தாள், தலையை அதிரவைத்து அழுத்தினாள், கல்லை அங்கேயே விட்டுவிட்டு வேறு கல் தேடிப் போனாள். தட்டியதா, பொருத்தியதா என்பதைக் காணொளியில் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செர்செரிஸ் மண்ணை வயிற்று நுனியால் பின்பக்கமாகத் தள்ளி வெளியேற்றும். வாசலைச் சுற்றிச் சிறு குவியல் தெரிந்தால் அங்கே செர்செரிஸைத் தேடலாம். ஆக்ஸிபெலஸ் மிகச் சிறியது, ஒரு வீட்டு ஈயின் அளவுகூட இல்லை. பிடித்த ஈயைப் பல இனங்கள் காலில் இடுக்காமல் கொடுக்கிலேயே குத்தித் தூக்கி வருகின்றன. பறந்து வரும்போது பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டு வருவதாகத் தோன்றும். பெம்பெசைனஸும் சிறியதுதான். பெம்பிக்ஸின் நெருங்கிய உறவு, ஆனால் ஈ பிடிப்பதில்லை, இலைத்தத்துப்பூச்சிகளைப் பிடிக்கிறது. இதன் பல இனங்கள் இரை கொண்டுவரும் முன்பே, வெற்று அறையில் மணல்துகள்களைச் சிறு மேடையாகக் குவித்து அதன்மேல் முட்டையிடும். ஸ்டைசஸ் பெரியது, வெட்டுக்கிளி வகைகளை வேட்டையாடுவது. மணப்பாட்டில் ஒரே ஒரு தடவை, இராவணன் மீசைப் புல்லுக்கு இடையே தென்பட்டது.

இப்போது ஈர்க்குச்சி விஷயம். நெதர்லாந்தின் மணல்வெளியில் விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பர்கன், தேனீ பிடிக்கும் குளவியின் வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கி, அது வெளியே போயிருந்தபோது வட்டத்தை நகர்த்தி வைத்தார். திரும்பி வந்த குளவி வளையை விட்டுவிட்டு வட்டத்தின் நடுவில் இறங்கியது. இதை அவர் 1932இல் வெளியிட்டார்; 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நான் பைன் காய்க்குப் பதில் உலர்ந்த புன்னைக்காய்களைப் பயன்படுத்தினேன். காலையிலேயே ஒரு பெம்பிக்ஸ் வளையைச் சுற்றி வட்டம் வைத்து, அவள் பல முறை போய் வந்து பழகிய பிறகு, வட்டத்தை ஒரு முழம் தள்ளி வைத்தேன். மணப்பாட்டின் வெட்டவெளி மேட்டில் அவள் ஈயோடு வந்து தயங்காமல் வட்டத்தின் நடுவே இறங்கித் தோண்டத் தொடங்கினாள். பிறகு எழுந்து பறந்தாள். மறுபடி அதே இடத்தில் இறங்கினாள். காய்களைப் பழைய இடத்தில் வைத்ததும் வீட்டுக்குள் போய்விட்டாள். தேரியில் இதே சோதனையை ஓர் உடை மரத்தின் நிழலோரம் இருந்த வளையில் செய்தபோது, குளவி காய்களைப் பொருட்படுத்தவே இல்லை. நேராகத் தன் வாசலில் இறங்கினாள். பக்கத்தில் மரம் போன்ற பெரிய அடையாளம் இருந்தால் காய்களை நம்பத் தேவையில்லை போலும். இது ஒரே ஒரு வளையில் கண்டது. செய்து பார்க்க விரும்புபவர்கள் வட்டத்தை நீண்ட நேரம் நகர்த்தி வைக்க வேண்டாம். உள்ளே ஒரு புழு பசியோடு இருக்கிறது.

எதிரிகளையும் எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறேன். இரையோடு வரும் பெம்பிக்ஸுக்குப் பின்னால், இடைவெளி மாறாமல் ஒரு சாம்பல் நிறச் சிறு ஈ தொடர்ந்து வரும். குளவி திரும்பினால் அதுவும் திரும்பும். வாசல் திறக்கும் கணத்தில் தன் புழுக்களை இரையின் மேலோ வாசலிலோ விட்டுவிடும். அவை உள்ளே போய்க் குளவிப் புழுவின் உணவைத் தின்னும். இதைக் கண்டால் சில பெண்கள் வளையில் இறங்காமல் தூரத்தில் போய் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஈ விலகிய பிறகே வருகிறார்கள். இறக்கையில்லாத வெல்வெட் எறும்பு என்ற பஞ்சு மயிர்க் குளவியும் மேட்டில் அலைகிறது.

வளைகளை நான் தோண்டிப் பார்ப்பதில்லை. போன ஆடிக் காற்று பெயர்த்துப் போட்ட ஒரு சரிவில் பழைய பெம்பிக்ஸ் கூட்டுப்புழு உறை ஒன்று தானாகக் கிடைத்தது. பட்டு நூலும் மணலும் சேர்த்துப் புழு கட்டிய உறை; நகத்தால் அழுத்தினால் உடையாத கெட்டி. கைவில்லையில் பார்த்தபோது நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வரிசையில் நுண்துளைகள். சிவப்பு மணலில் கட்டியதால் உறையும் சிவப்பு.

இனப் பெயர் வரை போவது வேறு வேலை. 1897இல் சி. டி. பிங்கம் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கு வரிசைத் தொகுதியில் பெம்பிக்ஸுக்கு அடையாள அட்டவணை உண்டு. இனத்தை முடிவு செய்பவை பெரும்பாலும் ஆணின் உறுப்புகள்: நடுக்கால் தொடையின் பல் பல்லான விளிம்பு, வயிற்றின் அடித்தகட்டில் உள்ள புடைப்பு, பாதத்தின் அகலம். இவற்றுக்கு மாதிரியும் நுண்ணோக்கியும் வேண்டும். ஆகவே என் பட்டியலில் இப்போதைக்குப் பேரினப் பெயர்களும், பக்கத்தில் 'தேரி அ', 'தேரி ஆ', 'மணப்பாடு அ' என்ற குறிகளும்தான். தேரி அ, ஆ இரண்டும் பெம்பிக்ஸ். பட்டைகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்று வெட்டவெளியில் தோண்டுகிறது. மற்றது முந்திரி நிழலின் விளிம்பை விட்டு நகர்வதில்லை.

ஒரே பேரினம் என்பதால் ஒரே தொழில் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பூச்சியியலாளர்கள் ஹோவர்ட் எவன்ஸும் ராபர்ட் மாத்யூஸும் ஆஸ்திரேலிய பெம்பிக்ஸ் இனங்களை ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார்கள். மற்றக் கண்டங்களில் ஈயை விட்டு அதிகம் விலகாத இந்தப் பேரினம், அங்கே தேனீ, குளவி, ஊசித்தட்டான் என்று கிளை பிரிந்திருக்கிறது. இதைப் படித்த பிறகு, ஈதானே என்று கடந்துவிடாமல் ஒவ்வொரு இரையையும் படம் எடுக்கிறேன். தேரி ஆ ஒரு தடவை கொண்டுவந்த இரைக்குச் சிறகு நான்காகத் தெரிந்தது. படம் மங்கல். ஈயென்றால் இரண்டு சிறகுதான் இருக்க வேண்டும். வரும் வாரங்களில் முந்திரி நிழலோரத்தை விட்டு வேறெங்கும் போவதாக இல்லை.